செப்டிக் டேங்க் நொதிப் பொடி: எண்ணெய்க்குச் சரி, மாத்திரைக்கு இல்லை

கொழிஞ்சாம்பாறையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. பாலக்காடு மாவட்டம் என்றாலும் எங்கள் பக்கம் மழை குறைவு. தோட்டத்துக்கு ஆளியாறு தண்ணீர் வந்தால் உண்டு. குடிக்கவும் சமைக்கவும் கிணறும் போர்வெல்லும்தான். செப்டிக் டேங்கில் இறங்குவது என்றைக்காவது கிணற்றுக்கும் வரும் என்ற பயம் எப்போதும் உண்டு.

அந்தப் பயத்தில்தான் போன கோடையில் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில் இந்தப் பொடியை வாங்கினேன். கால் கிலோ பொட்டலம் 380 ரூபாய். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே சரக்கு பல பெயர்களில் வருகிறது, பின்பக்கத்தில் அச்சடித்திருப்பது ஏறக்குறைய ஒன்றேதான். முன்பக்கம் பச்சை எழுத்தில் 'சோப்பு, எண்ணெய், மருந்துக் கழிவு அனைத்தையும் சிதைக்கும்' என்று போட்டிருந்தது. "அக்கா, மாத்திரையப் போட்டாக்கூடத் தின்னுரும், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைத் தம்பி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் கரைத்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு ஊற்ற வேண்டும். அடுத்த இரண்டு நாள் ஃபினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவும் கூடாது. தவிட்டு வாசனையோடு லேசான புளிப்பு, வேறு நெடி கிடையாது. எங்கள் வீட்டில் எல்லாமே தேங்காய் எண்ணெய்ச் சமையல். மார்கழிக் குளிரில் சமையலறைத் தண்ணீர் விழும் சேம்பரில் எண்ணெய் வெள்ளையாக உறைந்து அடை மாதிரி நிற்கும். இந்தத் தடவை அது குச்சியால் தொட்டதும் பொலபொலவென்று உடைந்தது. பின்வாசலில் வரும் நாற்றமும் நன்றாகவே குறைந்தது. கொழுப்பு, நாற்றம் இரண்டுக்கும் கொடுத்த காசு வீணில்லை.

ஆனால் அந்தப் பச்சை வரியை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். அமைலேஸ், புரோட்டியேஸ், லிபேஸ், செல்லுலேஸ், கூடவே பேசில்லஸ் பாக்டீரியா. அமைலேஸ் மாவுச்சத்தை உடைக்கும், புரோட்டியேஸ் புரதத்தை, லிபேஸ் கொழுப்பை, செல்லுலேஸ் காகிதம், காய்கறி நாரை. ஒவ்வொரு நொதியும் தனக்கென்று ஒரு வகைப் பிணைப்பைத்தான் வெட்டும். மருந்து மூலக்கூறுகளின் கட்டமைப்பே வேறு. இந்த நால்வர் கையில் அது சிக்காது.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். அத்தைக்குச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், முகநரம்பு வலிக்குக் கார்பமாஸெபின், முழங்கால் வலி தாங்காத நாட்களில் டைக்ளோஃபெனாக். மெட்ஃபார்மினை உடம்பு உடைப்பதே இல்லை. உள்ளே உறிஞ்சப்பட்டது பெரும்பாலும் அப்படியே சிறுநீரில் வெளியே வந்துவிடும். என் கடையில் சர்க்கரைக்காரர்கள் மாதாமாதம் வாங்கிப்போகும் அட்டைகளை நினைத்தால், ஊர்க் குழிகளுக்குள் போவது கொஞ்சநஞ்சம் இல்லை.

மருந்தை உடைக்கும் நொதிகள் இல்லாமல் இல்லை. அதில் முக்கியமானது லாக்கேஸ். 1883-ல் ஜப்பானின் ஹிகோரோகுரோ யோஷிடா அரக்கு மரத்துப் பாலில் இதைக் கண்டறிந்தார். மழைக்காலத்தில் பட்டுப்போன மரத்தில் வண்ண வண்ண அடுக்காக முளைக்குமே, அந்த டிராமெட்டிஸ் இனத்து வெண்ணழுகல் காளான்கள், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்க இதைத்தான் சுரக்கின்றன. நான்கு தாமிர அணுக்களைக் கொண்ட நொதி இது. எதிரில் இருக்கும் பொருளிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனுக்குக் கொடுக்கும், ஆக்சிஜன் தண்ணீராகிவிடும். டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால், கருத்தடை மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஆகியவற்றை ஆய்வகத்தில் நன்றாகவே சிதைக்கிறது. கார்பமாஸெபின் மட்டும் லேசில் மசியாது. இடையில் எலக்ட்ரானைக் கடத்த வேறொரு ரசாயனத்தைத் துணைக்குச் சேர்த்தால்தான் ஓரளவுக்காவது நகரும். மெட்ஃபார்மினைப் பிளக்கும் நொதி ஒன்றையும் கழிவுநீர் பாக்டீரியாக்களில் சமீப வருடங்களில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்குத் தேவைப்படும் உலோகம் நிக்கல்.

சரி, பொட்டலத்தில் லாக்கேஸையும் சேர்த்துவிட்டால்? அதற்கு வேண்டியது ஆக்சிஜன், செப்டிக் டேங்கில் இல்லாததும் அதுதான். பெரும்பாலான காளான் லாக்கேஸ்களுக்குக் கொஞ்சம் அமிலத் தன்மையும் பிடிக்கும், குழியிலோ அதுவும் குறைவு. போதாததற்கு, கரைத்து ஊற்றிய நொதி தண்ணீரோடு தண்ணீராக வெளியே போய்விடும். அதனால்தான் ஆராய்ச்சி செய்பவர்கள் நொதியைச் சவ்விலோ சிறு மணிகளிலோ ஒட்டவைத்து, காற்று ஊதி, தண்ணீரை அதன் வழியாக ஓடவிடுகிறார்கள். உடைந்த துண்டுகள் மூல மருந்தைவிடக் கெடுதலா என்றும் தனியாகச் சோதிக்கிறார்கள். ஸ்பூனில் அளந்து ஊற்றி முடிக்கிற வேலையா இது?

எனக்குக் கோபம் வருவது இன்னொரு விஷயத்தில். எண்ணெய் போகவில்லை என்றால் கண்ணுக்குத் தெரியும், நாற்றம் போகவில்லை என்றால் மூக்குக்குத் தெரியும். மருந்து போகவில்லை என்றால் எதில் தெரியும்? நிறம் இல்லை, மணம் இல்லை. நாம் கொண்டுபோகிற சாதாரணத் தண்ணீர் சோதனையில் கடினத்தன்மை, நைட்ரேட், கோலிஃபார்ம் என்ற பாக்டீரியா பார்ப்பார்கள். மருந்தைக் காட்ட, மிகச் சிறிய அளவையும் பிரித்து அளக்கும் எல்சி-எம்எஸ் மாதிரி ஆய்வகக் கருவி வேண்டும். வாங்குகிறவர் சரிபார்க்கவே முடியாத ஒன்றை அட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். அதை நம்பி ஒருவர் மிச்ச ஆன்டிபயாடிக்கைக் கழிப்பறையில் கொட்டினால் என்ன ஆகும்?

மருந்து தண்ணீரில் கலந்தால் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. ஹைதராபாத் பக்கம் படான்செருவில், மருந்துக் கம்பெனிகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விடும் தண்ணீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007-ல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த மருந்தைச் சாப்பிடுகிற நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. வீட்டுக் குழியில் அளவு மிகச் சிறியதுதான், ஆனால் ஊர் முழுக்கக் குழி.

சுவிட்சர்லாந்தில் 2016 முதல் தேர்ந்தெடுத்த சுத்திகரிப்பு நிலையங்களில் ஓசோனும், அசுத்தத்தை உறிஞ்சும் கிளர்வுற்ற கரியும் வைத்து, கழிவுநீரிலிருந்து மருந்தை நீக்கும் வேலையைச் செய்கிறார்கள். செலவுக்காக ஆளுக்கு வருடம் 9 ஃபிராங்க் வரை வசூல். ஒரு நாடே திட்டம் போட்டுச் செய்கிற காரியம் 380 ரூபாய்ப் பொட்டலத்தில் அடங்காது.

உடம்பு வழியாகப் போவதை வீட்டில் நிறுத்த வழியில்லை. மிச்ச மாத்திரையை நிறுத்தலாம். கேரளத்தில் 2025-ல் கோழிக்கோடு மாநகராட்சியிலும் உள்ளியேரி பஞ்சாயத்திலும் என்-ப்ரௌட் என்ற பெயரில், பயன்படுத்தாத மருந்துகளை வீட்டிலிருந்து சேகரிக்க ஆரம்பித்தார்கள். எல்லையோரத்தில் இருக்கும் எங்களுக்கும் அது வர வேண்டும் என்று பார்க்கிற ஆளிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடமும் மாத்திரையைக் கழிப்பறையில் போடாதீர்கள் என்று சொல்லித்தான் அட்டையைக் கொடுக்கிறேன்.

எண்ணெய் அடைப்புக்கு 5-க்கு 4 கொடுப்பேன். மருந்துக் கழிவுக்குப் பூஜ்ஜியம். கொழுப்புக்காகத் திரும்பவும் வாங்குவேன். தயாரிப்பாளரிடம் கேட்பது ஒன்றுதான்: அடுத்த அச்சில் 'மருந்துக் கழிவு' என்ற இரண்டு சொல்லை எடுத்துவிடுங்கள், எடுக்க மனமில்லை என்றால், எந்த மருந்து, எந்த நொதி, எந்த லேபில் சோதித்தது என்று பக்கத்திலேயே போடுங்கள்.