கட்டைவிரலைக் காட்டாத படங்கள்: ஜி.ஐ. ஜோ உதிரிகளோடு ஏழு வருஷம்

போன வாரம் பலமநேரிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, சின்ன வயதில் நாங்கள் விளையாடிய ஜி.ஐ. ஜோ சிப்பாய் பொம்மை டப்பா கிடைத்ததாம். "அண்ணா, இதெல்லாம் ஆன்லைன்ல நல்ல விலைக்குப் போகுதாமே. நீ இத்தன வருஷமா வாங்கி விக்கிறியே, நான் போடட்டுமா வேணாமா?" என்றான். போனில் சொல்லி முடியாது, எழுதுகிறேன் என்றேன். அவன் கேட்ட நேரம்தான் சரியில்லை. முந்தின நாள் எனக்கு ஒரு பார்சல் வந்திருந்தது. அதில் இருந்த ஃபிளிண்ட் என்ற ஜி.ஐ. ஜோ பொம்மைக்கு வலது கைக் கட்டைவிரல் இல்லை.

பார்சலைப் பிரித்தபோது அவன் கையில் ஒரு கறுப்புத் துப்பாக்கி இருந்தது. அது அவனுடையது அல்ல. பிடி தடித்த, வேறு எவனுடைய துப்பாக்கியோ. விரல் இருந்த இடம் வெளுப்பாக, சுத்தமாக இருந்தது. பழைய முறிவு என்றால் அழுக்கேறிக் கறுத்திருக்கும். இது வரும் வழியில் முறிந்தது. பபிள் ராப்பை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து மடிப்பு மடிப்பாகப் பிரித்தேன். கடைசி மடிப்பில் கடுகளவில் சதை நிறத்தில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விரல் நுனியில் ஒற்றி எடுத்து, காலியான மாத்திரை அட்டைக் குழியில் போட்டு, மேலே டேப் ஒட்டித் தேதி எழுதி வைத்திருக்கிறேன். இந்த மாதிரிக் குழிகள் என்னிடம் இப்போது ஒன்பது.

என் ஏழு வருஷ அனுபவத்தில் சொல்ல வேண்டிய குறை இந்த ஒன்றுதான். அதனால் முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்.

இந்த பொம்மைகளின் கை ஒரு அரைவட்டக் கொக்கி போல இருக்கும். நான்கு விரல்கள் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம், நடுவில் துப்பாக்கிப் பிடி செருகும் சின்ன இடைவெளி. 1982 இல் ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்கப் பொம்மை கம்பெனி இந்த மூணே முக்கால் அங்குல வரிசையைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே முழங்கைக்கு மேலே கை திரும்பும்படி மாற்றினார்கள். அதனால் இரண்டு கையாலும் ஆயுதத்தைப் பிடிக்க வைக்கலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் பிளாஸ்டிக்குக்கு முப்பது வயது ஆகும்போது அந்த விரல்தான் முதலில் விறைத்துப்போகிறது. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் பிடியின் தடிப்பு வேறு வேறு. அவனவன் துப்பாக்கி அவனவன் கையில் சரியாக உட்காரும். வேறொருவனுடையதை அழுத்திச் செருகினால் விரல் அப்போதே போகும். இல்லையென்றால் விரிந்த நிலையிலேயே நின்று, கூரியர்காரர் மூட்டையைத் தூக்கிப் போடும்போது போகும்.

விற்பவர்கள் ஏன் அப்படிச் செருகுகிறார்கள்? படத்துக்காகத்தான். வெறுங்கையோடு நிற்கும் பொம்மையை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கையில் ஏதாவது இருந்தால் 'முழு செட்' என்று தலைப்புப் போடலாம், விலையும் ஏறும். ஆக, விரலை உடைப்பது அந்த அழகான படமே. அந்தப் படத்தில் கட்டைவிரல் துப்பாக்கிக்குப் பின்னால் மறைந்தும் இருக்கும். வாங்குகிறவன் பார்க்க வேண்டிய ஒரே இடம் அது. அதைத்தான் யாரும் காட்டுவதில்லை.

ஃபிளிண்ட்டை விற்றவர் மதனப்பள்ளிக்காரர். வாங்கும் முன் வலது கையை மட்டும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டேன். "பொட்டனவேலு பாக உந்தி அன்னா" (கட்டைவிரல் நன்றாக இருக்கிறது அண்ணா) என்று தெலுங்கில் பதில் வந்தது, படம் வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். அவர் பார்த்தபோது விரல் இருந்திருக்கும். பழைய சாமான் கடையில் எடை போட்டு வாங்கிய மூட்டையிலிருந்து எடுத்தது என்று பிறகு அவரே சொன்னார். எந்தத் துப்பாக்கி யாருக்கு என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியில்லை. தளத்தில் புகார் கொடுத்தேன். 'சேதமடைந்தது' என்று சொல்லலாம், 'விவரித்தபடி இல்லை' என்று சொல்லலாம். பழைய பொருள் என்ற பிரிவில் விரல் முறிந்தது சேதமா, வயதா என்பதை முடிவு செய்ய அங்கே ஆளில்லை. நான்கு நாள் மெசேஜ் போய் வந்த பிறகு பாதிப் பணம் திரும்பி வந்தது. நியாயமாகச் சொன்னால் அது குறைவில்லை. எனக்குப் பணத்தைப் பற்றிக் கோபமும் இல்லை. முப்பது வருஷம் யாரோ ஒரு வீட்டில் உடையாமல் இருந்த விரல் என்னிடம் வருவதற்காக உடைந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

துப்பாக்கி செருக வேண்டுமென்றால் வழி இருக்கிறது. பொம்மையின் கையை ஒரு நிமிஷம் சூடான தண்ணீரில் வையுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும். விரல் இளகும். பக்கவாட்டில் தள்ளாமல் மேலிருந்து கீழாகப் பிடியை இறக்குங்கள். எடுக்கும்போதும் இதே வேலைதான். பார்சல் கட்டும்போது ஆயுதத்தை எடுத்துத் தனிக் கவரில் போடுங்கள். நான் விற்கும்போது லிஸ்டிங்கில் முதல் படமாகத் திறந்த உள்ளங்கையைத்தான் போடுகிறேன். பார்ப்பவர்கள் குறைவுதான். ஆனால் வாங்கியவர்கள் ஒருவர்கூட இதுவரை திருப்பி அனுப்பவில்லை.

குறை இதோடு முடிந்தது. இனி இந்த ஆன்லைன் சந்தைகளால் எனக்குக் கிடைத்ததைச் சொல்ல வேண்டும். அது நிறைய.

இந்தியாவில் ஹாஸ்ப்ரோவின் உரிமத்தோடு ஜி.ஐ. ஜோவைச் செய்தது எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல். ஆலை கோவாவில். பிற்பாடு எங்கள் சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ராணிப்பேட்டையிலும் அவர்களுக்கு ஆலை வந்தது. நம் ஊரில் வந்த பொம்மைகளுக்கு நிறம் வேறு. அமெரிக்காவில் ஒரு நிறத்தில் இருந்த சட்டை இங்கே இன்னொரு நிறத்தில் வரும். சின்ன வயதில் நாங்கள் அதைக் கவனித்ததுகூட இல்லை. அந்த நிற வித்தியாசத்துக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ஃபன்ஸ்கூல் பொம்மைகளைத் தேடி வாங்குகிறார்கள் என்பது, நான் முதன்முதலாக லிஸ்டிங் போட்ட பிறகுதான் தெரிந்தது. தலையில்லாத ஒரு உடம்பை, உதிரிக்காகத்தான் யாராவது எடுப்பார்கள் என்று நினைத்துப் போட்டேன். ஒரே ராத்திரியில் மூன்று பேர் கேட்டார்கள். அதில் ஒருவர் எழுதிய கேள்வி எனக்கு மனப்பாடம்: "இடுப்புத் துண்டு விரிசல் இல்லாமல் இருக்கிறதா, ஓ ரிங் பழையதா?" பொம்மைக்குள் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இந்த ஓ ரிங்தான் என் ஏழு வருஷத்தின் பெரிய சந்தோஷம்.

முதுகில் ஒரே ஒரு திருகு. அதைக் கழற்றினால் மார்பு இரண்டு பாதியாகப் பிரியும். தலையும் கைகளும் அந்த இரண்டுக்கும் நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கும். உள்ளே திருகு இறங்கும் தூணைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் வளையம். அது இடுப்புத் துண்டின் ஓட்டை வழியாகக் கீழே இறங்கி, கால்களை இணைக்கும் உலோகக் கொக்கியில் மாட்டியிருக்கும். மொத்த உடம்பும் அந்த வளையத்தின் இழுவிசையில்தான் நிற்கிறது. ரப்பர் இற்றுவிட்டால் பொம்மை இடுப்போடு இரண்டாகக் கழன்று விழும். பரண் டப்பாக்களில் கிடக்கும் பாதி உடம்புகள் உடைந்தவை அல்ல. வளையம் போனவை, அவ்வளவுதான். இது தெரியாமல் எத்தனை பேர் குப்பையில் போட்டிருப்பார்கள்!

நான் மாங்கூழ் ஆலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். ஓ ரிங் எனக்கு அன்றாடம் கையில் புழங்கும் சாமான். ஆலையில் இருப்பது எல்லாமே பெரியவை. அதனால் ஃபிளிண்ட்டுக்கு முந்தி வாங்கிய ஒரு பொம்மையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பம்ப் ஸ்பேர் விற்கும் கடைக்குப் போனேன். "எந்த மோட்டாருக்கு சார்?" என்றார் கடைக்காரர். பொம்மையை எடுத்து மேஜையில் இரண்டு துண்டாக வைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டப்பாவிலிருந்து ஒவ்வொரு அளவாக எடுத்துக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்தார். தடித்த வளையம் போட்டால் கால் திரும்பவில்லை. மெலிந்ததைப் போட்டால் இடுப்பில் இடைவெளி விழுந்தது. ஐந்தாவது வளையம் கச்சிதம். பொம்மையை உட்கார வைத்து, எழுப்பி, மறுபடி உட்கார வைத்துப் பார்த்தார். கடையில் காத்திருந்த இரண்டு விவசாயிகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இனிமே வந்தா பொம்ம ரிங்குன்னு கேளுங்க சார், தனியா எடுத்து வைக்கிறேன்" என்றார். பத்து வளையம் நாற்பது ரூபாய். இன்றுவரை அந்தக் கடையில் பொம்மை ரிங் என்றே கேட்கிறேன்.

ஒரு சமயம் சிலிக்கான் வளையம் நல்லது என்று யாரோ சொல்லப் போட்டுப் பார்த்தேன். சாதாரண நைட்ரைல் ரப்பரைக் காற்றில் உள்ள ஓசோன் மெதுவாகத் தின்று வெடிப்பு விழச் செய்யும். சிலிக்கானுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கிழிபடாமல் தாங்கும் வலு அதற்குக் குறைவு. கொக்கியின் விளிம்பு கூராக இருந்தால் வெட்டிவிடும். இரண்டு பொம்மைகளில் அப்படி வெட்டியது. கொக்கியை நைஸ் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத் திரும்பவும் கறுப்பு ரப்பருக்கே வந்துவிட்டேன். சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போயிற்று. திருகு துருப்பிடித்திருந்தால் அவசரப்படாதீர்கள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். தலை தேய்ந்துவிட்டால் பிறகு மார்பையே உடைக்க வேண்டி வரும்.

வாங்குவதில் மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் ஆரம்பித்த 2018 இலேயே, ஆகஸ்ட் 14 அன்று இபே இந்தியா தளம் மூடப்பட்டது. அதன்பிறகு உள்ளூர் செகண்ட் ஹாண்ட் தளங்களிலும் குழுக்களிலும் தேடித்தான் எடுக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதை விட்டுவிட்டேன். 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான சுங்கவரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023 இல் 70 ஆனது. கடுகளவு கைத்துப்பாக்கிக்கு அது கட்டுபடியாகாது. எந்த ஆயுதம் யாருடையது என்று பார்க்க யோஜோ தளம் இருக்கிறது. ஒவ்வொரு பொம்மைக்கும் என்னென்ன வந்தது என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். இடுப்புக்குப் பின்னால் பொறித்திருக்கும் வருஷத்தை நம்பி விலை சொல்லாதீர்கள். அது வடிவமைப்பின் உரிமை ஆண்டு. உங்கள் கையில் இருப்பது அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து வார்த்ததாக இருக்கலாம். 3டி அச்சில் செய்த ஆயுதங்களும் இப்போது வருகின்றன. சாய்த்துப் பிடித்தால் விளிம்பில் மெல்லிய வரிவரியாகத் தெரியும். நகல் என்று சொல்லி விற்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை, விளையாடும் பிள்ளைக்கு அது போதும். சொல்லாமல் விற்பது தப்பு.

விற்பதில், என் பார்சல்களில் பாதி அமெரிக்காவுக்குத்தான் போயின. 2025 ஆகஸ்டில் சின்னப் பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கை அந்த நாடு எடுத்ததால், 25ஆம் தேதியிலிருந்து அஞ்சல் வழி பெரும்பாலும் நின்றது. அக்டோபர் 15 இல்தான் மறுபடி தொடங்கியது. அந்த ஏழு வாரம் ஒரு முதுகுப்பைக்காக ஓஹையோவில் ஒருவர் காத்திருந்தார். பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன், மறுத்துவிட்டார். போய்ச் சேர்ந்ததும், பை மாட்டிய பொம்மையைத் தன் மகன் உள்ளங்கையில் நிற்க வைத்துப் படம் அனுப்பினார். பொம்மையின் இரண்டு கட்டைவிரல்களும் அதில் தெளிவாகத் தெரிந்தன. அவர் வேண்டுமென்றே அப்படி எடுத்திருக்கிறார். தேடுகிறவனுக்கு எது வேண்டும் என்று தேடுகிறவனுக்குத்தான் தெரிகிறது.

சரி, தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். இதுவரை எழுதியதைப் படித்தால் நான் போடச் சொல்வேன் என்று நினைப்பாய். வாங்கியதில் பத்துக்கு எட்டு நன்றாக வந்தது. விற்றதில் யாரும் ஏமாற்றவில்லை. நல்ல மனிதர்கள் கிடைத்தார்கள். ஆனாலும் இன்றைக்கு என் பதில், போடாதே என்பதுதான். ஃபிளிண்ட் இன்னும் என் மேஜையில் இருக்கிறான். அவனைப் பார்த்துக்கொண்டு வேறு பதில் எழுத முடியவில்லை. அடுத்த மாதம் கேட்டால் ஒருவேளை மாற்றிச் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை டப்பாவோடு பஸ் ஏறி வா. மொகிலி மலைப்பாதையில் வண்டி குலுங்கும், அதனால் மடியில் வைத்துக்கொள். இடுப்பு கழன்றவர்களைப் பார்த்துப் பயப்படாதே, ரிங் இருக்கிறது. யார் கையிலாவது துப்பாக்கி இருந்தால் நீ பிடுங்காதே, அப்படியே இருக்கட்டும். நான் வெந்நீர் வைத்திருக்கிறேன்.