லைப்ரரி அப்டேட்டும் நின்றுபோன ரெப்ளிகாவும்: மைஎஸ்கியூஎல்லுடன் பத்து ஆண்டுகளுக்கு மேல்

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸை அதன் 5.6 பதிப்புக் காலத்திலிருந்து, மாஸ்டருக்கும் (முதன்மை சர்வர்) அதன் நகலை வைத்திருக்கும் ரெப்ளிகாவுக்கும் நடுவே எஸ்எஸ்எல் என்ற குறியாக்கம் போட்டுத்தான் ஓட்டி வருகிறோம். இரண்டும் வேறு வேறு டேட்டா சென்டரில் இருக்கின்றன, தரவு பொது இணையம் வழியாகப் போகிறது. டிஸ்க் நிறைந்தோ டியூப்ளிகேட் கீ பிழையாலோ ரெப்ளிகேஷன் (மாஸ்டரின் மாற்றங்கள் ரெப்ளிகாவுக்குப் போவது) நின்றால் காரணம் கண்ணெதிரே இருக்கும். என்க்ரிப்ஷன் லைப்ரரியால் நின்றால் காரணம் ஒரு நாளிலும் விளைவு வேறொரு நாளிலும் வரும். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு இரவு ஆனது.

2015 மே மாதம் லாக்ஜாம் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தது. அடுத்த மாதமே வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற என்க்ரிப்ஷன் லைப்ரரியின் பதிப்புகள், 768 பிட்டுக்குக் குறைவான டிஃபி-ஹெல்மேன் சாவி (டிஎச், இணைப்புக்கான ரகசியத்தை இரு தரப்பும் சேர்ந்து உருவாக்க உதவுவது) தரும் சர்வரோடு இணைய மறுத்தன. மைஎஸ்கியூஎல் சோர்ஸ் கோடிலோ 512 பிட் என்றே எழுதியிருந்தது. இது எதுவும் தெரியாமல் ரெப்ளிகா மெஷினில் ஓஎஸ் பேட்ச் போட்டேன். பதினொரு நாள் எல்லாம் நன்றாகவே ஓடியது. பிறகு தரவை மெமரியில் வைக்கும் பஃபர் பூலின் அளவைக் கூட்டி ரீஸ்டார்ட் செய்தேன், 5.6-ல் அதற்கு ரீஸ்டார்ட் கட்டாயம். அதோடு ரெப்ளிகேஷன் நின்றது. மாஸ்டரிலிருந்து மாற்றங்களை எடுத்துவரும் ஐஓ த்ரெட் 'கனெக்டிங்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. பிழை எண் 2026, கூடவே 'டிஎச் கீ டூ ஸ்மால்'.

கடைசியாகத் தொட்டது கான்ஃபிக் என்பதால் அதைத்தான் சந்தேகப்பட்டேன். பழைய அளவுக்கே மாற்றினேன், பலனில்லை. 'கீ' என்றதும், சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழின் சாவி என்று எண்ணி, எல்லாச் சான்றிதழ்களையும் 2048 பிட்டில் புதிதாக உருவாக்கினேன். அதுவும் வீண், ஏனென்றால் டிஎச் சாவிக்கும் சான்றிதழ் சாவிக்கும் சம்பந்தமே இல்லை.

பேட்ச் போட்டபோது மாறியது டிஸ்க்கில் இருந்த லைப்ரரி மட்டும்தான். ஓடிக்கொண்டிருந்த மைஎஸ்கியூஎல் பழைய லைப்ரரியை மெமரியில் பிடித்தபடியே இருந்தது. ரீஸ்டார்ட் ஆன பிறகுதான் புதியது உள்ளே வந்தது. இதைச் சோதிப்பது எளிது: லினக்ஸில் அந்தப் ப்ராசஸின் 'மேப்ஸ்' கோப்பில் லிப்எஸ்எஸ்எல் வரிக்கு எதிரே 'டிலீட்டட்' என்று இருந்தால், அந்தச் சர்வர் இன்னும் பழைய லைப்ரரியில்தான் ஓடுகிறது.

டிஎச் இல்லாத சைஃபர் (குறியாக்க முறை) ஒன்றை, மாஸ்டரோடு எப்படி இணைவது என்று ரெப்ளிகாவுக்குச் சொல்லும் 'சேஞ்ச் மாஸ்டர்' கட்டளையில் கொடுத்ததும் ரெப்ளிகா எழுந்துவிட்டது. ஆனால் அப்படிச் செய்தால் ஃபார்வர்ட் சீக்ரஸி போய்விடும். பிற்காலத்தில் சர்வரின் சாவி திருடு போனால், இன்று பதிவு செய்து வைத்த போக்குவரத்தையும் பிரித்துப் படித்துவிடலாம். அதனால் சாவியை 2048 பிட்டாக உயர்த்திய 5.6.26-க்கு மாஸ்டரை ஏற்றியதும் அந்த வரியை எடுத்துவிட்டேன்.

2020-ல் இதே கதை வேறு உருவில் வந்தது. மாஸ்டரில் இருந்தது யாஎஸ்எஸ்எல் என்ற வேறொரு லைப்ரரியோடு பில்ட் செய்த பழைய 5.7. அதற்கு, எஸ்எஸ்எல்லின் அடுத்த வடிவமான டிஎல்எஸ்ஸில் 1.1 வரைதான் தெரியும். புதிய ரெப்ளிகாவை உபுண்டு 20.04-ல் வைத்தோம், அதுவோ டிஎல்எஸ் 1.2-க்குக் கீழே இறங்காது. 'அன்சப்போர்ட்டட் ப்ரோட்டோகால்' என்று நின்றது. ஓப்பன்எஸ்எஸ்எல் கான்ஃபிக்கில் செக்யூரிட்டி லெவலைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று பலரும் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த மெஷினில் அதே லைப்ரரியை நம்பியிருக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் சேர்த்துப் பூட்டைத் தளர்த்துவதாகிவிடும். யாஎஸ்எஸ்எல்லை முழுதாக நீக்கிய 5.7.28-க்கு மாஸ்டரை உயர்த்தினோம்.

8.0-க்கு வந்த பிறகு நடந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. ஒரு நள்ளிரவில் இணைப்பு அறுந்தபோது, குழுவில் ஒருவர் அவசரத்துக்கு எஸ்எஸ்எல்லை அணைத்துவிட்டார். ரெப்ளிகேஷன் உடனே ஓடியது. 'கேச்சிங் ஷா2' என்ற கடவுச்சொல் சரிபார்ப்பு முறையில் மாஸ்டர் ஒருமுறை சரிபார்த்த கணக்கை மெமரியில் வைத்திருக்கும். அது இருக்கும்வரை குறியாக்கம் இல்லாமலே உள்ளே விடும். மாஸ்டரை ரீஸ்டார்ட் செய்தபோது அந்த கேச் காலியானது, பிழை 2061 வந்தது. இடைப்பட்ட இரண்டு மாதமும் வாடிக்கையாளர் தரவு குறியாக்கம் இல்லாமலே இணையத்தில் போயிருக்கிறது. அன்றைக்கே ரெப்ளிகேஷன் கணக்குக்கு 'ரெக்வயர் எஸ்எஸ்எல்' போட்டேன். இப்போது யார் அணைத்தாலும் மாஸ்டர் உள்ளே விடாது.

கண்காணிப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. ஐஓ த்ரெட் நின்று, வந்த பதிவுகளையெல்லாம் ரெப்ளிகா முடித்துவிட்டால் பின்தங்கிய விநாடிகள் 'நல்' (NULL, மதிப்பே இல்லை) என்று வரும். எங்கள் ஸ்கிரிப்ட் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு பச்சை விளக்கு காட்டியது. மாஸ்டர் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பின்லாக் காலாவதியாகும் முன்பு கவனிக்காவிட்டால் பிழை 1236 வந்து, ரெப்ளிகாவை அடியிலிருந்து மீண்டும் கட்ட வேண்டியதுதான்.

இப்போது பேட்ச் போட்ட கையோடு, ரெப்ளிகா மெஷினிலிருந்து அதே கணக்கு, அதே சான்றிதழோடு மைஎஸ்கியூஎல் கிளையண்டை ஓட்டி மாஸ்டரோடு இணைத்துப் பார்க்கிறேன். அது புதிய ப்ராசஸ் என்பதால் புதிய லைப்ரரியைத்தான் எடுக்கும். அங்கே இணைப்பு கிடைத்தால் அன்றே சர்வரையும் ரீஸ்டார்ட் செய்கிறேன், அடுத்த மாதத்துக்குத் தள்ளுவதில்லை.

5.7 முதல்முறை தொடங்கும்போது தானாக உருவாக்கும் சான்றிதழ்களின் ஆயுள் பத்து ஆண்டு. 2016-ல் நிறுவியதை அப்படியே உயர்த்திக்கொண்டு வந்தவர்கள் டேட்டா டைரக்டரியில் உள்ள சான்றிதழ்களின் காலாவதித் தேதியை ஒருமுறை பாருங்கள். நாங்கள் மாற்றிவிட்டோம். 8.0.16 முதல் சான்றிதழ்களை மீண்டும் படிக்க வைக்கும் 'ஆல்டர் இன்ஸ்டன்ஸ் ரீலோட் டிஎல்எஸ்' கட்டளை இருப்பதால் ரீஸ்டார்ட் தேவைப்படவில்லை. ஆனால் ஏற்கெனவே ஓடும் இணைப்பை அது தொடாது. அதனால் உடனே ரெப்ளிகேஷனை நிறுத்தித் திரும்பத் தொடங்கி, புதிய சான்றிதழோடு இணைந்ததைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினேன்.