மோரிஸ் மைனரை வாடகைக்கு எடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் "பழைய காரில் தோட்டப்புறச் சுற்றுலா, நீங்களே ஓட்டலாம், சாப்பாடும் வைனும் உண்டு" என்று முகநூலில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பணம் கட்டியிருந்தாலும் சரி, கட்டலாம் என்று நினைத்திருந்தாலும் சரி, கொஞ்சம் பொறுங்கள். போன மாதம் நாங்கள் போய் வந்தோம். அன்றைக்கு என் அப்பா, நான், என் கணவர் மூன்று பேரும் முழுசாக வீடு திரும்பியது அப்பாவின் கைப்பழக்கத்தால்தான்.

நடத்துபவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருக்கிறது, தீர்ப்பு வரும்வரை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் விடுமுறை வருகிறது, அதற்குள் இன்னும் சில குடும்பங்கள் போய்விடுமே என்ற கவலையில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 68 வயது. லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். பாட்டி பால்மரம் சீவியவர். தோட்டத்துக் கிராணியிடம் (கணக்கர்) மோரிஸ் மைனர் என்ற சாம்பல் நிற ஆங்கிலேயக் கார் ஒன்று இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவித் துடைத்துக் கொடுத்தால் அப்பாவுக்கு 20 காசு. கிராணி நல்ல மனநிலையில் இருந்தால் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்க்கலாம். அவ்வளவுதான், ஓட்ட விட்டதில்லை. அப்புறம் அப்பா முப்பது வருடம் செம்பனைக் குலை லோரி ஓட்டினார். பிள்ளைகளைப் படிக்க வைத்தார். ஒரு மோரிஸை மட்டும் ஓட்டியதே இல்லை. அந்த விளம்பரத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, அப்பாவை அதில் உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு நாள், ஓர் இரவு, மூன்று பேருக்கு 1,380 ரிங்கிட். அதற்கு மேல் 500 ரிங்கிட் பிணைப்பணம், காரைத் திருப்பிக் கொடுத்ததும் தருவதாகச் சொன்னார்கள். பயணத் தாளைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினார்கள். கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம், காராயில் 1900-இல் திறந்த விக்டோரியா ரயில் பாலம், மதியம் லயத்துச் சமையல், இரவு துரை பங்களாவில் வைனோடு விருந்து. படிக்கவே நன்றாக இருந்தது. பணத்தை ஒரு தனிநபர் கணக்குக்குத்தான் அனுப்பச் சொன்னார்கள். அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும்.

காலை எட்டரைக்குக் கார் வந்தது. மோரிஸ்தான், அதில் பொய் இல்லை. புதுப் பச்சைப் பெயிண்ட், பளபளவென்று குரோம். அப்பா கதவைத் திறக்காமல் ஒரு சுற்று சுற்றி வந்தார். பின் இடது டயருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தார். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். இதில் 2309 என்று இருந்தது. 2009-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டை ஆழமாகத்தான் இருந்தது, ஆனால் பக்கச்சுவரில் நகத்தை வைத்தால் நகம் இறங்கும் அளவுக்கு வெடிப்பு. ரப்பரோடு வாழ்ந்தவருக்குக் காய்ந்த ரப்பரைத் தெரியாதா? "இது காய்ஞ்சு போச்சும்மா" என்றார். டயரின் உள்பக்கம் லேசாக ஈரமாகவும் இருந்தது. கார் கழுவிய தண்ணீராக இருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அப்புறம் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தினார். மிதி பாதிக்கு மேல் இறங்கியது. இரண்டாவது தடவை அழுத்தினால்தான் கால் ஏதோ ஒன்றில் பட்டது மாதிரி நின்றது. காரைக் கொண்டு வந்த பையனிடம் கேட்டதற்கு, "பழைய கார் அப்படித்தான் அங்கிள், ரெண்டு தடவை அமுக்குங்க" என்றான். அப்பா நம்பியதற்குக் காரணம் உண்டு. டிரம் பிரேக்கைச் சரியாக முடுக்காமல் விட்டாலும் மிதி இப்படித்தான் இறங்கும், லோரியில் அவர் பார்த்தது. ஆனால் இதே அறிகுறி பிரேக் எண்ணெய் ஒழுகினாலும் வரும். மோரிஸ் மைனருக்கு நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் குழாய்வழிதான். இன்றைய கார்களில் இரண்டு வழி இருக்கும், ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். இதில் எங்காவது ஓரிடத்தில் எண்ணெய் போனால் நான்கும் ஒன்றாகப் போய்விடும். எண்ணெய் ஊற்றும் மூடியோ ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே. விரிப்பைத் தூக்காமல் பார்க்க முடியாது. யாரும் தூக்கவில்லை, நாங்களும் தூக்கவில்லை.

காலைப் பயணம் சந்தோஷமாகவே போனது. அதையும் சொல்ல வேண்டும். பழைய டிரங்க் ரோட்டில் அப்பா மெதுவாக ஓட்டினார். இந்தக் காரில் முதல் கியருக்கு இறக்க வேண்டுமென்றால் கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். இல்லையென்றால் பற்கள் நரநரவென்று கத்தும். அப்பா கைக்கு அது பழைய பாட்டு மாதிரி வந்தது. ஒரு தடவைகூடச் சத்தம் வரவில்லை. கிராணி இருந்திருந்தால் பார்த்திருப்பார் என்றார். காராய்க்கு முன்பே ரேடியேட்டர் கொதித்து இருபது நிமிடம் ஓரமாக நின்றோம். கோலகங்சார் மரத்தைப் பார்க்க நேரமில்லை என்று, வழிகாட்ட முன்னால் போன அவர்களுடைய வண்டி அப்படியே திருப்பிவிட்டது.

மதியச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தாளில் போட்டிருந்தது கம்போங் கோழிப் பிரட்டல், கருவாட்டுக் குழம்பு, மரவள்ளிக்கிழங்கு. கொடுத்தது பொலிஸ்டிரின் பெட்டியில் ஆறிப்போன பீஹூனும் பாதி முட்டையும்.

ஆனால் அந்த மேசையில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. இரவு விருந்துக்கு என்று சொன்ன வைனை மதியம் ஒரு மணிக்கே திறந்துவிட்டார்கள். கார் ஓட்டப் போகிறவர்கள் யார், ஓட்டாதவர்கள் யார் என்று கேட்கவே இல்லை. எல்லார் முன்னாலும் கிளாஸ், பக்கத்திலேயே ஒரு ஜாடி நிறையக் கள்ளு. "ஒரு கிளாஸ்தானே, தோட்டத்து ரோட்டில் யார் பிடிக்கப் போறாங்க" என்றார் நடத்துபவர். 2020 அக்டோபரிலிருந்து மலேசியாவில் ஓட்டுநருக்கு அனுமதித்த மது அளவு என்னவென்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் மது என்று இருந்ததை 50 ஆகக் குறைத்துவிட்டார்கள். குடித்து ஓட்டி ஓர் உயிர் போனால் குறைந்தது பத்து வருடம் சிறை. வெளிநாட்டில் இந்த மாதிரிச் சுற்றுலாவில் பகலில் ஓட்டுவார்கள், சாவியைக் கொடுத்துவிட்டு இரவில் தங்குமிடத்தில் குடிப்பார்கள். அந்த வரிசையை இவர்கள் தலைகீழாக்கிவிட்டார்கள்.

அப்பா ஜாடியைத் தள்ளி வைத்தார். பாட்டிக்குக் கள்ளுக்கடை என்றாலே ஆகாது, சம்பள நாளில் தாத்தாவை அங்கேயிருந்து இழுத்து வருவது அவர் வேலை. 1941-இல் கிள்ளானில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. நம் மக்கள் எதை வேண்டாம் என்று போராடினார்களோ அதையே "தோட்டத்து அனுபவம்" என்று மேசையில் வைக்கிறார்களே என்று அப்பாவுக்கு வருத்தம். என் கணவர் அரை கிளாஸ் வைன் குடித்துவிட்டார். மதியத்துக்கு மேல் அவர் ஓட்டுவதாக இருந்தது. அப்பா சாவியை வாங்கிக்கொண்டார்.

மூன்று மணி இருக்கும். செம்பனைக்கு நடுவே செம்மண் பாதை, நீளமான இறக்கம், கீழே ஓடைமேல் குறுகிய சிமெண்டுப் பாலம். பாலத்தின் மேல் ஒரு அக்கா மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வருகிறார், பின்னால் புல்லுக்கட்டு. அப்பா பிரேக்கை மிதித்தார். மிதி தரைவரை போனது. மறுபடி மிதித்தார். மறுபடியும் தரை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிளட்ச் இரண்டு மிதி, மூன்றாவது கியர், மறுபடி இரண்டாவது. எஞ்சின் அலறியது. கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக, கிளிக் கிளிக் என்று ஏற்றினார். கை பிரேக் கம்பியில் இழுப்பது, அதற்கு எண்ணெய் வேண்டாம். முதல் கியருக்கும் இறக்கிவிட்டார். அப்போதும் வேகம் போதுமான அளவு குறையவில்லை. பாலத்துக்கு இருபது அடி இருக்கும்போது ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பி மண்மேட்டில் லாலாங் புல்லுக்குள் காரைச் செருகினார்.

அந்த அக்கா மோட்டார்சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார். அப்பாவின் வலது கை ஸ்டீயரிங்கை விடவே இல்லை. நான்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன்.

முன்னால் போன வண்டி திரும்பி வர நாற்பது நிமிடம் ஆனது. எங்களை அந்த "துரை பங்களா"வுக்குக் கூட்டிப் போனார்கள். பயணத் தாளில் "1948 அவசரகாலம் தொடங்கிய பங்களா" என்று போட்டிருந்ததே, அது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் கம்யூனிஸ்டுகள் மூன்று தோட்டத் துரைமாரைச் சுட்டதும், அதையடுத்து அவசரகாலம் வந்ததும் உண்மை. ஆனால் எல்பில் தோட்டத்துத் துரையைச் சுட்டது அவருடைய அலுவலகத்தில், பங்களாவில் இல்லை என்பது இந்த ஊரில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். இவர்கள் காட்டியது டைல்ஸ் போட்ட, அலுமினியச் சன்னல் வைத்த புது வீடு. அப்பா உள்ளே வரவில்லை. வாசல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

காரை டவுன் மெக்கானிக்கிடம் இழுத்துப் போனபோது நானும் கூடப் போனேன், படம் எடுத்தேன். நீங்களும் அப்படியொரு நிலையில் இருந்தால் காரை விட்டு நகராதீர்கள். பின் இடது டிரம்மைக் கழற்றினார். சக்கரத்துக்குள் பிரேக்கைத் தள்ளும் சிலிண்டர் ஒழுகி டிரம் முழுக்க எண்ணெய் ஊறிப்போயிருந்தது. காலையில் நாங்கள் தண்ணீர் என்று நினைத்த ஈரம் அதுதான். இது இன்றைக்கு ஆனதில்லை, ரொம்ப நாளாக ஒழுகுகிறது என்று மெக்கானிக் எழுதியும் கொடுத்தார்.

அதற்கு மறுநாள் வந்த குரல்பதிவு இது: "அக்கா, உங்க அப்பா பிரேக்கை ஓவரா மிதிச்சு உடைச்சிட்டாரு, பெயிண்டும் போச்சு. பிணைப்பணம் தர முடியாது, இன்னும் 900 கட்டணும்." நான் காப்புறுதி எங்கே என்று கேட்டேன். இருக்கிறது பாருங்கள் என்று ஒரு படம் அனுப்பினார். அதைப் படித்துப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது. கார் வேறு யாரோ பெயரில் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு மட்டும், வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் பாதுகாப்பு இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பாலத்தில் அந்த அக்காவை இடித்திருந்தால் காப்புறுதி நிறுவனம் கையை விரித்திருக்கும், எல்லாம் அப்பா தலையில் விழுந்திருக்கும்.

கார் எவ்வளவு பழையது, எவ்வளவு அழகு என்பதெல்லாம் அப்புறம். முதலில் காப்புறுதித் தாளைக் கேளுங்கள். 2023 பிப்ரவரியிலிருந்து தனியார் கார்களில் சாலை வரி வில்லையைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டியதில்லை, அதனால் காரைப் பார்த்து மட்டும் ஒன்றும் தெரியாது. வாடகைக்கு விட்டு ஓட்டக் கொடுக்கும் காருக்குத் தனி உரிமம் உண்டு, சுற்றுலாத் தொகுப்பு விற்பவருக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமமும் வேண்டும். இரண்டையும் கேட்டால் நல்லவர்கள் உடனே காட்டுவார்கள். "அதெல்லாம் இருக்கு அக்கா" என்று பேச்சை மாற்றினால் கிளம்பிவிடுங்கள். சாவி வாங்கும்போது டயர் இலக்கத்தைப் பாருங்கள். எஞ்சினைப் போடுவதற்கு முன் பிரேக்கை அழுத்தி அப்படியே அரை நிமிடம் வைத்திருங்கள். கால் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால், அல்லது இரண்டாம் தடவைதான் பிடிக்கிறதென்றால், காரை எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விட்டுவிட வேண்டாம். நடுவர் மன்றத்தில் மனு போட 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். கடைப்பெயர் தெரியாவிட்டாலும் பணம் அனுப்பிய ரசீதில் கணக்குக்காரர் பெயர் இருக்கும். நான் அந்தக் கணக்குக்காரர் மேல்தான் மனு போட்டேன். போலீஸிலும் புகார் கொடுத்திருக்கிறேன்.

விசாரணை அடுத்த மாதம். நடத்துபவர் தன் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது, இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பச்சை மோரிஸை எங்களுக்கு முன்னால் ஓட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், மிதி இரண்டு தடவை அழுத்தினால்தான் பிடித்ததா என்று மட்டும் சொல்லுங்கள். தேதியும், படம் இருந்தால் படமும் அனுப்புங்கள். அப்பாவும் என்னோடு வருகிறார், மெக்கானிக் கழற்றிக் கொடுத்த அந்தச் சிலிண்டரை ஒரு பிஸ்கட் டின்னில் துணி சுற்றி வைத்திருக்கிறார்.