சாரதியின் இமையைக் கண்காணிக்கும் கமரா: இரவில் ஓடும் வானுக்கு உகந்ததா?

கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இரவில் ஓடும் எங்கள் வானுக்காக யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக் கடையொன்றில் தூக்க எச்சரிக்கைக் கமராவொன்றை வாங்கி, ஒரு மாரி முழுவதும் பாவித்தோம். சாரதியின் முகத்துக்கு நேரே பொருத்தும் இச்சிறு கருவி அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு பார்ப்பதால், ஆனையிறவின் கும்மிருட்டிலும் கண்ணைத் தவறவிடவில்லை. மூக்குக்கண்ணாடி அணிந்தவரிடம் மட்டும் சில வேளைகளில் தடுமாறியது.

இதில் இரண்டு அமைப்புகள் உள்ளன. முதலாவது, நிமிடத்துக்கு எத்தனை தடவை இமைக்கிறார் என்று எண்ணுகிறது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓய்வாக விழித்திருப்பவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 20 தடவை இமைப்பார் என்றாலும், அந்த எண்ணிக்கை மனத்தின் வேலைக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். குறுக்கே வரும் மாட்டை உற்றுப் பார்க்கும்போது இமைப்பு குறையும், பேசும்போது கூடும். முன் இருக்கையில் இருப்பவர் பேச்சுக் கொடுத்தாலோ, குளிரூட்டியின் காற்று கண்ணை உலர்த்தினாலோ, நன்றாக விழித்திருக்கும் சாரதியைப் பார்த்தே கருவி கத்துகிறது.

இரண்டாவது அமைப்பு இமை மூடியிருக்கும் நேரத்தை அளக்கிறது. விழிப்புள்ளவரின் ஓர் இமைப்பு அரைச் செக்கனுக்குள் முடிந்துவிடும். தூக்கம் அழுத்தும்போது இமை மூடியிருக்கும் நேரம் நீள்வதுடன், அது மீண்டும் திறப்பதும் மந்தமாகிறது. இமை கண்மணியின் ஐந்தில் நான்கு பங்கையேனும் மூடியிருக்கும் நேரத்தை வீதமாகக் கணக்கிடும் முறையை அமெரிக்க ஆய்வாளர்கள் 1990களில் வகுத்தார்கள். இவ்வமைப்பும் அவ்வழியிலேயே இயங்குகிறது. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் மூன்று செக்கன் கண்ணயர்ந்தால் வாகனம் ஏறத்தாழ 67 மீற்றர் ஓடிவிடும் என்பதை நினைத்தால், மாங்குளத்துக்கு அப்பால் விடியற்புறத்தில் இது எழுப்பிய ஒலிக்காகவே கொடுத்த பணம் தகும்.

பெட்டியில் ‘அனிச்சைச் செயலை அளக்கும்’ என்று அச்சிட்டிருப்பது மிகை. நெற்றி நரம்பை மின்னால் தூண்டி, சுமார் 10 மில்லிசெக்கனில் ஒன்றும் 30 மில்லிசெக்கனில் மற்றொன்றுமாக இமைத் தசையில் எழும் துலங்கல்களைப் பதிவதே அத்தகைய சோதனை. அவற்றுள் உறக்கத்தில் பெரிதும் தளர்வது இரண்டாவதே. அது மருத்துவமனையில் செய்யும் வேலை. கண்ணைத் திறந்துகொண்டே வீட்டுக் கடனை நினைத்து ஓடும் சாரதியை இக்கருவியால் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஒலியைக் குறைக்க வழியில்லாததால் பின்னால் உறங்கும் குழந்தைகளும் விழித்துவிடுகிறார்கள். வவுனியாவில் சாரதி மாறினால், புதியவரின் கண்ணுக்கேற்ப மீண்டும் சரிசெய்ய வேண்டும்; நிறுத்தி வைத்துச் செய்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.