அடுத்த நிலையம் திருமங்கலம்

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் மனை பார்க்கப் போன மச்சினன் போன வாரம் போன் போட்டான். "மச்சான், மெட்ரோ இந்த வழியாத்தான் வருதாம், புரோக்கர் சத்தியம் பண்றார். நீங்கதான் சென்னையில ஆறு வருஷம் அதுல போய் வந்தவராச்சே, வண்டி எப்படி?" மனைக்கும் வண்டிக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வண்டியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் நான் சோற்றைக்கூட ஆறவிட்டுவிட்டுப் போகிற ஆள்.

2018இலிருந்து ஊர் திரும்பும்வரை ஈக்காட்டுத்தாங்கலில் வேலை, ஆறாவது நிலையத்தில் வீடு. நாலு பெட்டி, ஏசி, அதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். முதல் 9 ரயில்கள் பிரேசிலில் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தவை, மற்றவை ஆந்திராவில் ஸ்ரீசிட்டியில் உருவானவை. எதில் ஏறினாலும் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. 2021 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ஆனது. அதற்கும் நன்றி.

என்னை மயக்கியது அது கிளம்பும் விதம். வைகை எக்ஸ்பிரஸில் எஞ்சின் முன்னால் நின்று இழுக்கும். அந்த இழுப்பு ஒவ்வொரு கொக்கியாகத் தாண்டி நம் பெட்டிக்கு வந்து சேரும்போது ஒரு வெட்டு வெட்டும். மெட்ரோவில் தனி எஞ்சினே கிடையாது, பெட்டிகளின் அடியிலேயே மோட்டார்கள். மேலே கம்பியில் 25,000 வோல்ட். அதை இறக்கி, மாற்றி, மோட்டாருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கொடுக்கிறார்கள். கிளம்பும்போது கீழேயிருந்து வீணைக் கம்பியை இழுத்துப் பிடித்ததுபோல் ஒரு சத்தம் ஏறுமே, அது இந்த வேலைதான். நிறுத்தும்போது அதே மோட்டார் டைனமோவாகிக் கரண்டைக் கம்பிக்கே திருப்பி அனுப்பும். வாங்கியதில் கொஞ்சமாவது திருப்பித் தருகிற கடன்காரனை நான் பார்த்தது அங்கேதான்.

அம்மா ஒருமுறை தூக்குவாளியில் கறிக்குழம்போடு வந்தார். மூடிமேல் துணி கட்டி, அதன்மேல் கயிறு கட்டியும், எழும்பூர் வந்து சேர்வதற்குள் பை அடியெல்லாம் எண்ணெய். மெட்ரோவில் ஏறியதும் வாளியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நேரு பூங்கா நிலையத்தின் வெளிச்சம் வந்தபோது, "இன்னும் எடுக்கலையா?" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் எழும்பூருக்குப் பிறகு ஒரு சொட்டுக்கூடக் கூடுதலாகச் சிந்தவில்லை. இதைவிட நல்ல சோதனையை எந்த என்ஜினியரும் செய்திருக்க மாட்டார்.

அப்புறம் ஏன் எரிச்சல்? நிலையத்தின் பெயரைச் சொல்லும் அந்தப் பெண் குரல்.

சாயங்கால வண்டி கோயம்பேடுவரை பாலத்தின் மேல் போகும். அதைத் தாண்டியதும் சரிவில் இறங்கிச் சுரங்கத்துக்குள் நுழையும். ஜன்னலில் வானம் போய் நம் முகம் வரும். சரியாக அந்த நேரம் பார்த்து, "அடுத்த நிலையம் திருமங்கலம்." என் வீடு இருந்தது அண்ணா நகரை ஒட்டிய அந்தத் திருமங்கலத்தில். நான் பிறந்து வளர்ந்தது மதுரைக்குத் தெற்கே, கப்பலூரைத் தாண்டிய திருமங்கலத்தில். முதல் மாதம் சிரிப்பாக இருந்தது, ஆபீசில்கூடச் சொல்லிச் சிரித்தேன். (அவர்களுக்கு எங்கள் ஊர் என்றால் ஓட்டுக்குப் பணம் என்று பேர் வாங்கிய 2009 இடைத்தேர்தல்தான் ஞாபகம் வரும், அது தனி வயிற்றெரிச்சல்.) ஆறாவது மாதத்தில் பல்லைக் கடிக்க ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை ஆனால் பையும் குழந்தையுமாக ஒரு கூட்டம் கோயம்பேட்டுக்கு ஒரு நிலையம் முன்னாலேயே, பஸ் நிலையத்தில் இறங்கி மதுரை வண்டி பிடிக்க ஓடும். நிஜமாக ஊருக்குப் போகிறவர்கள் இறங்கிப் போய்விடுவார்கள். இறங்காமல் உட்கார்ந்திருக்கிற என்னிடம் அடுத்த இரண்டாவது நிலையத்தில் திருமங்கலம் வந்துவிட்டது என்பாள்.

அப்பா விழுந்துவிட்டார் என்று தகவல் வந்த அன்று, அந்தப் பஸ் நிலையத்தில்தான் நானும் இறங்கியிருக்க வேண்டும். கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்துவிட்டேன். குரல் வந்தது. சட்டென்று, வந்துவிட்டோம் என்று எழுந்து நின்றேன். கதவு திறந்து, நடைமேடையில் கால் வைத்த பிறகுதான் எந்தத் திருமங்கலம் என்று உறைத்தது. எதிர் நடைமேடைக்கு ஓடி இரண்டு நிலையம் திரும்பி வந்தேன்.

அவள்மேல் தப்பில்லை. அந்த இடத்துக்கும் அதுதான் பெயர். வண்டியும் அன்றைக்குக்கூட ஆட்டாமல் அசைக்காமல்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் திறந்து தென்மாவட்ட பஸ்கள் அங்கே போன பிறகு, மெட்ரோவில் போய் ஊர் பஸ்ஸைப் பிடிக்கிற வசதியும் போயிற்று. கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ கிடையாது.

மச்சினனிடம் மதுரைத் திட்டத்தின் நிலைமையைச் சொன்னேன். திருமங்கலம் முதல் ஒத்தக்கடைவரை சுமார் 32 கிலோமீட்டர் என்று போட்ட திட்டம். 2011 கணக்குப்படி மக்கள்தொகை 20 லட்சம் இல்லை என்று 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. மெட்ரோவை நம்பி மனை வாங்காதே, போர் போட்டால் தண்ணீர் எத்தனை அடியில் என்று கேள் என்றேன்.

"சரி மச்சான், வண்டிக்கு எத்தனை மார்க்?"

"பத்துக்கு ஒன்பதரை."

"அப்ப நம்ம ஊருக்கு வந்தா தினமும் போவீங்க."

"ஏறுவேன். ஆனா கப்பலூர்லயே இறங்கிடுவேன்."