மலைமேல் காத்தாடியா, மலையடியில் காத்தாடியா?

"எங்க காட்டுல ரெண்டு காத்தாடி சுத்துது. உங்க காட்டுல ஏன் ஒண்ணுகூட இல்ல?"

உடுமலைப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் மச்சான், கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான பண்ணைக்காட்டுக்கு வரும்போதெல்லாம் இதைக் கேட்பார். காத்தாடி என்று அவர் சொல்வது மின்சாரம் எடுக்கும் காற்றாலையை. கொங்கில் காடு என்றால் சோளமும் நிலக்கடலையும் விதைக்கிற மானாவாரி நிலம். பழனிமலைக்காரனான எனக்குக் காடு என்றால் சோலை, காட்டுமாடு நிற்கிற இடம். எங்கள் சண்டையில் பாதி இந்த ஒரு சொல்லில்தான் கிடக்கிறது.

அவர் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். அப்படியானால் காற்று பிய்த்துக்கொண்டு போகும் முகட்டில்தானே நட வேண்டும்?

ஆனால் கொடைக்கானல் உயரத்தில், அதாவது 2,100 மீட்டரில், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் அடித்தாலும் இறக்கையைத் தள்ளும் பலம் அந்த அளவுக்குக் குறையும். பாறை, பள்ளம், மரம் என்று முட்டி மோதி வருவதால் காற்று சீராகவும் இருக்காது. கீழே அந்தத் தொல்லை குறைவு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே இருக்கும் பாலக்காட்டுக் கணவாய், தென்மேற்குப் பருவக்காற்றைப் புனல் வைத்து ஊற்றுவதுபோல் உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் அனுப்புகிறது. மலைகள் சுவராக நிற்பதால்தான் அவருக்கு அந்தக் காற்று. இதைச் சொன்னால் மச்சான் டீயை உறிஞ்சிக்கொண்டே பேச்சை மாற்றுவார்.

இதெல்லாம்கூட எனக்குப் பெரிதில்லை. பயம் ரோட்டைப் பற்றித்தான். இப்போது வரும் காற்றாலைகளில் ஒற்றை இறக்கையே 60 மீட்டருக்கு மேல். அதை ஒரே துண்டாகத்தான் ஏற்ற வேண்டும். 12 மீட்டர் பஸ்ஸே கொண்டை ஊசி வளைவில் எதிரே வண்டி வந்தால் திணறி நிற்கிற பாதை எங்களுடையது. இறக்கையும் பெரிய கிரேனும் ஏற வேண்டுமென்றால் வளைவுகளை வெட்டி அகலப்படுத்தி, முகட்டு நெடுக மண்ணைத் தள்ளிப் புதுப்பாதை போட வேண்டும். காத்தாடியின் ஆயுள் இருபது, இருபத்தைந்து வருஷம். வெட்டிய பாதை அதற்கப்புறமும் இருக்கும். பின்னாலேயே ரிசார்ட் போர்டும் வரும், மழைக்கு மண்சரிவும் வரும். 2013-இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடும் இங்கேதான் இருக்கிறது.

பறவைகளின் கதை இன்னும் நுணுக்கமானது. மகாராஷ்டிரத்தில் சால்கேவாடி என்ற மேற்குத்தொடர்ச்சி மலைப் பீடபூமியில் செய்த ஆய்வு 2018-இல் வந்தது. காற்றாலை இல்லாத பகுதியோடு ஒப்பிட்டால், காற்றாலை இருந்த பகுதியில் வேட்டைப் பறவைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் இருந்தன. பிடித்துத் தின்ன ஆள் குறைந்ததால் ஓணான்கள் பெருகிவிட்டன, மனிதர் நெருங்கினாலும் அவ்வளவு சீக்கிரம் ஓடவில்லையாம். கழுகு இறக்கையில் அடிபட்டுச் சாவதைத்தான் நாம் யோசிக்கிறோம். அது வராமலே போனால் தரையில் என்னென்ன மாறும் என்று யோசிப்பதில்லை.

சரி, சமவெளியில் எல்லாம் சுகமா? மச்சானைக் கேட்டால் அதுவும் இல்லை. இரவெல்லாம் வூஷ், வூஷ் என்று சத்தம். சாயங்கால வெயிலில் இறக்கையின் நிழல் வீட்டுச் சுவரை வெட்டி வெட்டிப் போகும். பக்கத்துக் காட்டுக்காரர், எதற்கென்று தெரியாமலே நிலத்தைப் புரோக்கரிடம் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு இன்னும் புலம்புகிறார். காத்தாடி மேகத்தை விரட்டி மழையைக் கெடுக்கிறது என்ற பேச்சும் அங்கே உண்டு. அதை மட்டும் நான் நம்பவில்லை. மழை மேகம் அந்த இறக்கைக்கு எட்டாத உயரத்தில் போகிறது. ஆனால் தூணுக்கடியில் சோளம் விளைகிறது, ஆடு மேய்கிறது. உழுத நிலத்தில் நட்ட காத்தாடியால் நிலம் நிலமாகவே இருக்கிறது. அழித்த சோலையைத் திரும்ப நட முடியாது.

மலைக்காரர்கள் மின்சாரத்துக்கு ஒன்றும் தரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் 1932-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. பின்னால் வந்த குந்தா அணைகளுக்குள் எவ்வளவோ புல்வெளியும் சோலையும் மூழ்கின. இப்போது அங்கேயே 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் வருகிறது: மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது. ஒரு நேரம் கொட்டி, ஒரு நேரம் சுணங்கும் காற்றுக்கு இப்படி ஒரு துணை வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை அடிக்கும் காற்றை மற்ற மாதங்களுக்குச் சேமிக்க இதனால் முடியாது, ஆனால் ஒரு நாளின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். இருக்கிற அணைகளை வைத்தே செய்வதால், முகட்டில் காத்தாடி நடுவதைவிட இது தேவலை.

என்னைக் கேட்டால், புது மலையைத் தேட வேண்டியதே இல்லை. நல்ல காற்று உள்ள இடங்களை 250 கிலோவாட் பழைய காத்தாடிகள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு 2 மெகாவாட் (2,000 கிலோவாட்) இயந்திரம் வைத்தால், குறைந்த தூண்களில் பல மடங்கு மின்சாரம். பழையவற்றைப் புதுப்பிக்க 2024-இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது.

போன ஆடியில் மச்சான் போன் செய்தார். "காத்தாடி ரெண்டும் பிச்சுக்கிட்டு சுத்துது. அங்க எப்படி?" இங்கே அதே காற்று சில்வர் ஓக் கிளையை லைன்மேல் சாய்த்து, இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. எத்தனை மெகாவாட் எங்கே தயாரானாலும் அந்த ஒயர் அறுந்தால் எங்களுக்கு இருட்டுதான். தகரக் கூரைமேல் இரண்டு சோலார் தகடும் ஒரு பேட்டரியும் வைக்க விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.