450 ரூபாய்ப் புத்தகத்தை நம்பி 14,850 ரூபாயை இழந்தேன்

ராமேசுவரம் போய்த் திரும்பி ஆறு நாள் ஆகிறது. இன்று காலையும் அந்தக் கடைப்படி ஏறி, வெறுங்கையோடு இறங்கி வந்த சூட்டோடு இதை எழுதுகிறேன்.

எழும்பூர் பக்கம் பயண வழிகாட்டி நூல்கள் விற்று, கூடவே தங்கும் அறையும் பதிவு செய்து கொடுக்கும் சிறிய கடை அது. ராமநாதபுரம் வட்டாரத்துக்கான வழிகாட்டியை எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். முன்பக்கத்தில் ‘திருத்திய பதிப்பு 2025’ என்று இருந்தது. கோயிலின் 22 தீர்த்தங்களையும் வரிசையாகக் காட்டிய வரைபடத்தைப் பார்த்ததுமே அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. நான் தயங்குவதைக் கண்ட கடைக்காரர், “நெட்டுல ஆயிரம் பேர் ஆயிரம் எழுதுவான் சார், இது அச்சுல வந்தது” என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். புத்தகம் 450 ரூபாய். அதில் குறிப்பிட்டிருந்த விடுதியில் இரண்டு அறைகளுக்கு மூன்று இரவுக்கான கூப்பன் 14,400 ரூபாய். ஆக மொத்தம் 14,850 ரூபாயை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன்.

தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து புறப்படுவதாக அதில் போட்டிருந்ததைக் கிளம்பும் முன்பே படித்தேன். தென்மாவட்டப் பேருந்துகளுக்கான கிளாம்பாக்கம் நிலையம் வந்தது 2023 டிசம்பரில் என்பது சென்னையில் யாருக்குத்தான் தெரியாது? அப்போதே உறைத்திருக்க வேண்டும். நாம்தான் ரயிலில் போகிறோமே என்று விட்டுவிட்டேன்.

1914-இல் திறந்த பாலத்தின் மீதுதான் ரயில் போகும் என்று புத்தகம் சொல்ல, நாங்களோ 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் மீது பாம்பனைக் கடந்தோம். இதையாவது அச்சுக்குப் போன பிறகு நடந்த மாற்றம் என்று மன்னிக்கலாம். ஆனால் விடுதி இருப்பதாகச் சொன்ன முகவரியில் துணிக்கடை இருந்தது. அந்த விடுதி மூடி ஏழெட்டு வருடம் ஆகிறது என்று எதிரே டீக்கடையில் சொன்னார்கள். முழங்கால் வலியோடு அம்மா பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்க, நான் தெருத்தெருவாக அலைந்து, மறுபடி பணம் கட்டி அறை எடுத்தேன்.

அன்றிரவு புத்தகத்தை வரி விடாமல் படித்தேன். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் தனுஷ்கோடிக்கு மணலில் ஜீப்பில்தான் போக முடியும் என்கிறது. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தது 2017 ஜூலையில். அதே நாளில் திறந்த பேய்க்கரும்பு அப்துல் கலாம் நினைவிடம் பற்றி ஒரு வரிகூட இல்லை. சந்தேகம் வந்து, முன்பக்கத்தில் ஆண்டு போட்டிருந்த இடத்தை நகத்தால் சுரண்டினேன். ஒட்டுத்தாள் பிரிந்தது. அடியில் ‘மறுபதிப்பு 2014’.

கடைக்காரரைத் தொலைபேசியில் கேட்டபோது, “விடுதி மூடினதுக்கு நான் என்ன செய்வேன்?” என்றார். புத்தகம் போட்டவர்களைக் கேட்டால், தாங்கள் அச்சடித்ததோடு சரி, ஒட்டுத்தாளும் கூப்பனும் கடைக்காரருடையவை என்று கைகழுவினார்கள். திங்கட்கிழமை நேரில் போனேன், கணக்கர் வரவில்லையாம். புதன்கிழமை போனேன், முதலாளி வெளியூராம்; அவர் குரல் உள்ளறையில் கேட்டுக்கொண்டிருந்தது. இன்று, பெரிய மனது பண்ணுவதுபோல, புத்தகத்துக்கான 450 ரூபாயை மட்டும் தருகிறேன் என்றவர், புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டிவிட்டு, “பக்கமெல்லாம் மடங்கியிருக்கே சார்” என்று திருப்பிக் கொடுத்தார். 14,850 ரூபாயில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. ரசீதிலும் ‘புத்தகம் மற்றும் இதர’ என்றுதான் கிறுக்கியிருக்கிறார். அதை அன்றே படிக்காதது என் மடத்தனம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. ஆண்டின் மேல் ஒட்டுத்தாள் இருந்தால் வாங்காதீர்கள். மறுபதிப்பு வேறு, திருத்திய பதிப்பு வேறு. விடுதிக்கு நீங்களே பேசி, அறை இருப்பதை உறுதி செய்யாமல் யாரிடமும் முன்பணம் கட்டாதீர்கள். ரசீதில் கூப்பன் என்று எழுதி வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். நாளை காலை மறுபடியும் அந்தக் கடைக்குப் போகிறேன்.